கொல்லிமலைப் பாறையில் அடங்கிய 15 மீட்டர் தொல்லை

ஹாம் ரேடியோவில் 15 மீட்டர் அலைவரிசையில் (21 மெகாஹெர்ட்ஸ்) பேசினால் மட்டும் லேப்டாப்பின் டச்பேட் உறைந்துபோகும். எதிர்முனையில் இருப்பவர் ஆடியோ கரகரக்கிறது என்பார். 40 மீட்டர், 20 மீட்டர் அலைவரிசைகள் இரண்டிலும் ஒரு குறையும் இல்லை. மலைக்கு மலை கூடவே வந்துகொண்டிருந்த இந்தத் தொல்லை, மார்ச் கடைசி முழு வார இறுதியில் நடக்கும் டபிள்யூபிஎக்ஸ் எஸ்எஸ்பி என்ற உலக ஹாம்களின் குரல்வழிப் போட்டிக்காகக் கொல்லிமலை ஏறியபோது ஒரு வழியாகத் தீர்ந்தது.

பெட்டியில் இருந்தவை வழக்கமானவைதான். எஃப்டி-817 என்ற சிறிய ரேடியோ, 12 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பாஸ்பேட் பேட்டரி, 7 மீட்டர் தூண்டில் கம்பு, 20 மீட்டர் நீள எண்ட்ஃபெட் (ஒரு முனையில் மட்டும் இணைப்புக் கொடுக்கும்) ஆண்டெனா கம்பி, அதைக் கேபிளோடு பொருத்தும் 49:1 டிரான்ஸ்ஃபார்மர், அங்கிருந்து ரேடியோவுக்கு வரும் 7 மீட்டர் கோஆக்ஸ் கேபிள். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வெள்ளிக்கிழமை மதியமே மேலே போய்விட்டோம். தெரிந்தவர் ஒருவரின் மிளகுத் தோட்டத்தை ஒட்டி, வடமேற்கே சரிவு நன்றாக இறங்கும் பாறை. ஐரோப்பா அந்தப் பக்கம்தான்.

சோதித்துப் பார்த்ததில் எஸ்டபிள்யூஆர், அதாவது ஆண்டெனா ரேடியோவோடு எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு, 1.3. நல்ல எண்தான். அந்த எண்ணை நம்பித்தான் பலரும் ஏமாறுகிறார்கள். கோஆக்ஸின் வெளிப்பின்னலில் எவ்வளவு ஆர்எஃப் (ரேடியோ அலைவரிசை மின்னோட்டம்) ஓடுகிறது என்று எஸ்டபிள்யூஆர் மீட்டர் சொல்லவே சொல்லாது. அதற்கென்று ஒரு கருவி செய்து கொண்டுபோயிருந்தேன்: பிளந்து மூடும் ஃபெரைட் கிளிப், அதில் 10 சுற்று மெல்லிய கம்பி, ஒரு பிஏடி85 டையோடு, பழைய டேப் ரெக்கார்டரிலிருந்து கழற்றிய முள் மீட்டர். கேபிளில் மாட்டி நகர்த்தினால் எங்கே கரண்ட் அதிகம் என்று முள் காட்டிவிடும். கடையில் விற்கும் எந்த மீட்டரும் எனக்கு இவ்வளவு சொல்லித் தந்ததில்லை.

21 மெகாஹெர்ட்ஸில் கேரியரை (பேச்சில்லாத வெறும் அலை) அனுப்பிக்கொண்டே கருவியை நகர்த்தினேன். டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் முள் அசையவில்லை. ரேடியோ பக்கமும் அப்படியே. கேபிளின் நட்ட நடுவில் உச்சத்துக்கு ஏறியது. அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. 21 மெகாஹெர்ட்ஸுக்கு அரை அலை ஏறக்குறைய 7 மீட்டர், என் கேபிளும் 7 மீட்டர். வீட்டில் ரேடியோவுக்கு எர்த் உண்டு. பாறையில் பேட்டரியோடு தார்ப்பாய் மேல் உட்கார்ந்திருக்கும் ரேடியோவுக்கு எதுவும் இல்லை. அதனால் பின்னல் முழு அரை அலை ஆண்டெனாவாகவே நடந்துகொள்கிறது. இரு முனையிலும் வோல்டேஜ் உச்சம்; அதில் ஒரு முனை என் மைக்கும் லேப்டாப்பும்.

ரேடியோவை ஒட்டி சோக் (பின்னலில் ஓடும் கரண்டைத் தடுக்கும் சுருள்) போடு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கரண்டே இல்லாத இடத்தில் சோக் எதைத் தடுக்கும்? டிரான்ஸ்ஃபார்மரை ஒட்டிப் போட்டாலோ, எண்ட்ஃபெட்டுக்குத் தேவையான கவுண்டர்பாய்ஸே (ஆண்டெனா கம்பிக்கு ஈடாக மறுபக்கம் இருக்க வேண்டிய கடத்தி) போய்விடும். எனவே நடுவில், 3.5 மீட்டரில் போட்டேன்: 140-43 டொராய்டில் (43 ரக ஃபெரைட் வளையம்) மெல்லிய ஆர்ஜி-316 கோஆக்ஸ் கேபிள் 12 சுற்று, இரு பக்கமும் பிஎன்சி இணைப்பி. இப்போது டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்துப் பாதி 15 மீட்டருக்குக் கால் அலை கவுண்டர்பாய்ஸ் ஆகிவிடுகிறது. 40-க்கும் அந்த நீளம் போதும். ரேடியோ பக்கத்துப் பாதியில் முள் அசையவில்லை. டச்பேட் சொன்ன பேச்சு கேட்டது. எண்ட்ஃபெட்டோடு மலையேறுபவர்கள் கோஆக்ஸின் நீளத்தை ஒருமுறை அலைநீளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், தயவுசெய்து.

டொராய்டு பற்றி ஒரு வார்த்தை. சென்னை ரிச்சி தெருவில் அடையாளமே இல்லாத கறுப்பு வளையங்களை 43 ரகம் என்று சொல்லிக் கொடுப்பார்கள். நானோவிஎன்ஏ என்ற சின்ன அளவிடும் கருவியைக் கையோடு கொண்டுபோய், நாலு சுற்று சுற்றி அளந்துவிட்டுக் காசு கொடுங்கள். ஒரு கடையில் வாங்கிய வளையம் 7 மெகாஹெர்ட்ஸிலேயே சூடானது.

சனிக்கிழமை காலை 5:30-க்குப் போட்டி தொடக்கம். சேலம் வீட்டில் இன்வெர்ட்டரும் எல்இடி விளக்குகளும் சேர்ந்து ரேடியோ இரைச்சலை சிக்னல் மீட்டரில் எஸ்7-க்குத் தூக்கிவிடும், இங்கே வெறும் எஸ்1. காலையில் 15-ல் ஜப்பான் வரிசையாக வந்தது. மதியத்துக்கு மேல் ஐரோப்பா திறந்ததும், சரிவின் புண்ணியத்தில் 5 வாட்டுக்கே முதல் அழைப்பில் பதில் வந்தது. தோட்டத்துக் காவலர் வந்து நின்று, "எந்த ஊருங்கண்ணா பேசறது?" என்றார். பல்கேரியா என்றேன். ஹெட்ஃபோனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு வெகுநேரம் கேட்டார்.

குறைந்த வாட்டில் பேசுபவர்களுக்கு என் அனுபவத்தில் ஒன்று சொல்வேன்: ஞாயிறு பிற்பகலை விடாதீர்கள். பெரிய நிலையங்களுக்கு அதற்குள் புதிய ஆள் கிடைப்பது அரிதாகியிருக்கும். சனிக்கிழமை திரும்பிப் பார்க்காதவர்கள் அப்போது நம் கால்சைனை (நிலையத்தின் அழைப்புக் குறியீடு) பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். கால்சைனின் முன்பகுதியான ப்ரிஃபிக்ஸ் புதிதாகக் கிடைக்கும் ஒவ்வொன்றும் மொத்தப் புள்ளியைப் பெருக்கும் மல்டிப்ளையர் என்பதால் அந்த நேரத்தில் ஸ்கோர் நன்றாக ஏறியது.

40 மீட்டர்தான் இன்னும் மனதை அரிக்கிறது. வேறு கண்டத்தோடு பேசினால் அங்கே 6 புள்ளி, 15-ல் 3 தான். ஆனால் 7 மீட்டர் கம்பில் தொங்கும் கம்பி இரவில் பக்கத்து நாடுகளைத்தான் பிடிக்கிறது. லோடிங் காயிலோடு (நீளக் குறைவை ஈடுகட்டும் சுருள்) ஒரு வெர்டிகல், அதாவது செங்குத்து ஆண்டெனா, செய்ய அலுமினியக் குழாய் வாங்கி வைத்திருக்கிறேன். அதன் அடியில் போட வேண்டிய ரேடியல் கம்பிகளைப் பாறையில் எப்படி விரிப்பது என்பதுதான் கேள்வி. அக்டோபர் கடைசியில் வரும் சிக்யூ டபிள்யூடபிள்யூ போட்டி வடகிழக்குப் பருவமழையில் மாட்டிக்கொள்ளும். இடி நேரத்தில் மலை உச்சியில் கம்பி கட்ட மாட்டேன். அதனால் ஜூலையில் ஐஏஆர்யூ போட்டிக்குள் வெர்டிகல் தயாராக வேண்டும். அதற்கு முன்னால் இந்த டபிள்யூபிஎக்ஸ் லாகை (பேசிய நிலையங்களின் பதிவேடு) அனுப்ப வேண்டும். போட்டி முடிந்து 5 நாள்தான் கெடு. பதிவுகளை இன்னும் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன்.