மூன்று மணிக் கணக்கு: துபாயில் ஒரு நோன்பு மாதம்

பிப்ரவரி 28, 2025, வெள்ளி

பிறை தெரிந்துவிட்டது, நாளை முதல் நோன்பு. நானும் வைக்கப்போகிறேன் என்று என் அறையில் தங்கியிருக்கும் பாயிடம் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. நாலரை மணிக்கு அலாரம் வைத்துக்கொள்ளச் சொன்னார். கேட்டிருந்தாலும் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

மார்ச் 1, சனி

விடுமுறை. பாதிப் பகலைத் தூங்கிக் கழித்தேன். மாலையில் தலை கனத்தது.

மார்ச் 3, திங்கள்

அலுவலகத்தில் முதல் நோன்பு நாள். இந்த நாட்டுச் சட்டப்படி ரமலானில் தனியார் நிறுவனங்களில் தினசரி வேலை நேரம் 2 மணி நேரம் குறைகிறது. நோன்பு வைப்பவர், வைக்காதவர் என்ற பாகுபாடு அதில் கிடையாது. நேரம்தான் குறைந்ததே தவிர, வேலை குறையவில்லை. காலாண்டு முடியும் மார்ச் 31 பெருநாள் விடுமுறைக்குள் விழும் போலிருப்பதால், 28ஆம் தேதிக்குள் கணக்கை முடித்துவிட வேண்டும் என்று மேலாளர் சொல்லிவிட்டார். பசி பன்னிரண்டு மணிக்கு வந்து, ஒரு மணிக்குத் தானாகவே போய்விட்டது. மூன்று மணிக்கு வந்தது பசியன்று. அதற்கு நான் இன்னும் பெயர் வைக்கவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

தலைவலி. வேறு எழுத ஒன்றும் இல்லை.

மார்ச் 5, புதன்

தலைவலிக்குக் காரணம் பட்டினி அல்ல, தேநீர். ஒரு நாளைக்கு ஐந்து கோப்பை குடித்துப் பழகியவன், விடியலுக்கு முன் உண்ணும் சஹரில் குடித்தால் தாகம் எடுக்கும் என்று நானாகவே முடிவு செய்து அடியோடு நிறுத்தியிருந்தேன். கடைசிக் கோப்பைக்குப் பிறகு 12 முதல் 24 மணி நேரத்துக்குள் இந்த வலி தொடங்குமாம்; ஒரு வாரத்துக்கு மேலும் இழுக்கக்கூடுமாம். பக்கத்து மேசை எகிப்தியர் இரண்டு வாரம் முன்பிருந்தே ஒவ்வொரு கோப்பையாகக் குறைத்து வந்தாராம். அதைப் பிப்ரவரியில் என்னிடம் சொல்லியிருக்கலாம். நான் நோன்பு வைப்பேன் என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லைதான். ஆனாலும் கோபம் வந்தது.

மார்ச் 6, வியாழன்

மொத்தத்தில் 3,600 திர்ஹம் இடித்தது. வித்தியாசம் ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால் இலக்கங்களை எங்கோ இடம் மாற்றி எழுதியிருக்கிறோமா என்று முதலில் பார்க்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். தேடினேன், 8,460 என்பதை 4,860 என்று பதிந்திருந்தேன். பதிந்த நேரம் பிற்பகல் 3.07. இனி மூன்று மணிக்கு மேல் எந்த எண்ணையும் தொடுவதில்லை. அந்த நேரத்துக்குக் கோப்புகளை அடுக்குவதே போதும்.

மார்ச் 10, திங்கள்

இத்தனை நாளும் சஹரை நான் பத்து நிமிடம் முன்னதாகவே முடித்து வந்திருக்கிறேன். நேர அட்டவணையில் இம்சாக் என்ற கட்டத்தைப் பார்த்து, அதுதான் எல்லை என்று நினைத்து, கையிலிருந்த தண்ணீரைக் குடிக்காமல் கீழே வைத்தேன். பாய் சிரித்துவிட்டார். "அது முன்னெச்சரிக்கைக்குப் போட்டது, தம்பி. ஃபஜ்ர், விடிகாலைத் தொழுகை நேரம் வரைக்கும் குடிக்கலாம்." பத்து நாளில் நூறு நிமிடம். என்னென்ன குடித்திருக்கலாம் என்று காலை முழுவதும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 14, வெள்ளி

பாயுடன் பள்ளிவாசலுக்குப் போயிருந்தேன். வெளி முற்றத்தில் நீளமான பிளாஸ்டிக் விரிப்புகள். ஆளுக்கு மூன்று பேரீச்சம்பழம், ஒரு தண்ணீர் போத்தல், ஒரு லபன் மோர், மூடிய பிரியாணிப் பெட்டி. எனக்கு எதிரே அமர்ந்திருந்தவரின் கால்சட்டையில் சிமெண்ட் காய்ந்திருந்தது. அவர் ஒரு பேரீச்சம்பழத்தைப் பிளந்து, கொட்டையை எடுத்துக் காகிதத்தில் மடித்து வைத்துவிட்டு, பழத்தை இரண்டு விரல்களுக்கு நடுவில் பிடித்தபடி இருந்தார். இரண்டு நிமிடம் இருக்கும். அவர் பழத்தைப் பார்க்கவில்லை. நான்தான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாள் முழுவதும் வெயிலில் நின்று வந்தவர் அவர். குளிர்பதன அறையில் நாற்காலியில் உட்கார்ந்து, மூன்று மணியைப் பெரிய பகையாக எழுதிவருபவன் நான். பாங்கு தொடங்கியதும், தன் பழத்தை வாயில் வைப்பதற்கு முன், என் போத்தலின் மூடியைத் திருகித் திறந்து என் பக்கம் நகர்த்தினார். நான் யார் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

மார்ச் 15, சனி

நன்றாகத் தூங்கினேன்.

மார்ச் 18, செவ்வாய்

முறித்துவிட்டேன். மணி 3.10. நிலுவைப் பட்டியலைக் கேட்டு மேலாளர் அழைத்தார். எழுந்த வேகத்தில் கண் இருட்டியது. தண்ணீர் இயந்திரத்தின் முன் போய் நின்றதும், அதற்குள் ஒரு பெரிய குமிழ் எழும்பி உடைந்ததும் நினைவிருக்கிறது. இரண்டு குவளை குடித்தேன். யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்கு என்ன கட்டாயம்?

இரவில் பாயிடம் சொன்னேன். உடம்புக்கு முடியாவிட்டால் விட்டுவிடலாம், பிறகு வேறொரு நாள் நோன்பு வைத்து அந்த நாளைக் களாச் செய்துகொள்ளலாம் என்றார். அப்படியானால் நானும் ஒரு நாள் வைத்துவிடுகிறேன் என்றேன். அவர் சற்று யோசித்து, மிகவும் மென்மையாகச் சொன்னார்: "உங்களுக்குக் கடமையே இல்லையே, தம்பி. எதைக் களாச் செய்வீங்க?"

மார்ச் 19, புதன்

எதைக் களாச் செய்வேன்? கடன்பட்டவன்தான் திருப்பிக் கட்ட முடியும். என் பெயரில் கடனே எழுதப்படவில்லை என்றால், கட்ட வந்த தொகையை எந்தக் கணக்கில் வரவு வைப்பது? அனாமத்துக் கணக்கு என்று ஒன்று எங்களிடம் உண்டு. இனம் தெரியாத தொகைகளை அதில் போட்டு வைப்போம்; ஆனால் ஆண்டு முடிவதற்குள் அதைக் காலி செய்தாக வேண்டும்.

மார்ச் 21, வெள்ளி

ரமலானின் கடைசிப் பத்து நாள் தொடங்கிவிட்டது. பாய் இரவெல்லாம் பள்ளிவாசலில் இருக்கிறார். அறையில் நான் மட்டும் எழுந்து சஹர் உண்கிறேன். ஃபஜ்ரும் முன்னால் நகர்ந்துகொண்டே வருகிறது. மாதத்தின் முதல் நோன்பைவிடக் கடைசி நோன்பு ஏறத்தாழ 40 நிமிடம் நீளம். ஆனால் மூன்று மணி இப்போதெல்லாம் எப்போது கடந்துபோகிறது என்றே தெரியவில்லை. அது எனக்கு ஏனோ சிறு ஏமாற்றமாக இருக்கிறது.

மார்ச் 28, வெள்ளி

காலாண்டுக் கணக்கு முடிந்தது. எங்கும் இடிக்கவில்லை.

மார்ச் 29, சனி

இன்று 29ஆம் நோன்பு. பிறை தெரிந்தால் நாளை பெருநாள். தெரியாவிட்டால் இன்னும் ஒரு நாள். அந்த ஒரு நாள் கிடைத்தால் 18ஆம் தேதிக்கு ஈடாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அது தனி நாள், இதற்கு அது ஈடாகாது என்றார் பாய். பெருநாளன்றே வைத்தால்? அன்று நோன்பு வைக்கத் தடை இருக்கிறது என்று சொல்லிவிட்டு, சட்டையைத் தேய்க்கப் போய்விட்டார்.

மணி ஏழேகால் ஆகிறது. அறிவிப்பு இன்னும் வரவில்லை. நாலேகாலுக்கு அலாரம் வைத்திருக்கிறேன். பாய் பார்த்தார், எடுக்கச் சொல்லவில்லை.