டர்க்காய்ஸ் இருதலைப் பாம்பு: ஆறாவது வாரம்

லண்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில், அஸ்டெக்குகள் என்று நாம் அறிந்த, பழைய மெக்சிகோவின் மெஷிகா மக்களின் இருதலைப் பாம்பு ஒன்று இருக்கிறது. 43 செ.மீ. அகலமுள்ள அந்த மர உருவத்தின் மேல் டர்க்காய்ஸ் என்ற பச்சைநீலக் கல்லின் சில்லுகள் ஏறத்தாழ 2,000 பதிக்கப்பட்டுள்ளன. படங்களை வைத்துக்கொண்டு அதைப் பாதி அளவில் செய்யத் தொடங்கி ஆறு வாரங்கள் ஆகின்றன. உடல் முடிந்துவிட்டது, தலைகள் மீதமிருக்கின்றன.

மூல உருவம் செட்ரேலா என்ற மரத்தில் செதுக்கப்பட்டது. அது வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது என்று தெரிந்ததும் வேறு மரம் தேடாமல் வேப்பம்பலகையையே எடுத்துக்கொண்டேன். செதுக்குவது எளிதாகவே முடிந்தது. பசைதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. அவர்கள் பைன் பிசினையும் பர்செரா மரத்தின் கோபால் பிசினையும் பயன்படுத்தினார்கள். பர்செராவுக்கு உறவான கருங்குங்கிலியம் நாட்டுமருந்துக் கடையில் கிடைத்தது. ஆனால் அதை மட்டும் உருக்கி ஒட்டியபோது, ஆறியதும் விரிசல் விட்டு, முதல் நாள் பதித்த அறுபது சில்லுகளில் பாதி மறுநாள் காலையில் மேசைமேல் கிடந்தன. மூன்று பங்கு குங்கிலியத்துக்கு ஒரு பங்கு தேன்மெழுகு சேர்த்த பிறகே பிடிப்பு வந்தது.

டர்க்காய்ஸுக்குப் பதிலாகப் பச்சைநீல டைல்ஸ் துண்டுகளைக் குறடால் நறுக்கினேன். எல்லாவற்றையும் ஒரே அளவுச் சதுரமாக வெட்டியது என் பெரிய பிழை. வளைவுகளில் இடைவெளி விழுந்து, பாம்பின் முதுகு படிக்கட்டுப் போலத் தெரிந்தது. மூலத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது அங்குள்ள சில்லுகள் அளவிலும் வடிவிலும் ஒன்றுபோல் இல்லை என்பது புரிந்தது. அந்த ஒழுங்கின்மையால்தான் ஒளி சில்லுக்குச் சில்லு வேறுபட்டுப் பட்டு, செதில்கள் அசைவதாகத் தோன்றுகிறது. மூன்று வார வேலையைப் பெயர்த்தெடுத்து மீண்டும் பதித்தேன். அதற்காக நான் வருந்தவில்லை.

அவர்களது நாவாட்ல் மொழியில் 'கோவாட்ல்' என்ற சொல் பாம்பையும் இரட்டைப்பிறவியையும் குறிக்கும். இரண்டு தலைகளும் ஒரே உடலில் எதிரெதிர்த் திசை நோக்கியிருப்பதை அந்தச் சொல்லோடு சேர்த்தே பார்க்கத் தோன்றுகிறது. 'ஷிவிட்ல்' என்பது டர்க்காய்ஸுக்கும் ஆண்டுக்கும் பொதுவான சொல். கோவாடெபெக் என்னும் பாம்புமலையில் உயிட்ஸிலோபோச்ட்லி கடவுள் தன் தமக்கை கொயோல்ஷாவ்கியை வீழ்த்தியது, இவ்விரு சொற்களும் சேர்ந்த ஷிவ்கோவாட்ல் என்ற நெருப்புப் பாம்பைக் கொண்டுதான். நாவாட்லுடன் ஒரே மொழிக்குடும்பத்தைச் சேர்ந்த மொழியைப் பேசும் அரிசோனாவின் ஹோபி மக்களோ, மழை வேண்டி உயிருள்ள பாம்புகளைக் கொண்டு சடங்கு நடத்திவிட்டு அவற்றைத் திரும்ப விட்டுவிடுவார்கள். ஒரு பக்கம் நெருப்பு, மறுபக்கம் மழை. பச்சைநீலச் சில்லு ஒவ்வொன்றையும் பதிக்கும்போது இரண்டும் என் நினைவில் நிற்கின்றன.

அடுத்து வாய்களைச் செய்ய வேண்டும். மூலத்தில் பற்கள் வெண்சங்கு ஓட்டாலும், ஈறுகள் ஸ்பாண்டிலஸ் என்ற முட்சிப்பியின் சிவப்பு ஓட்டாலும் ஆனவை. சங்குத் துண்டுகளை வாங்கி அரத்தால் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை நான்கு பற்கள் ஆகியிருக்கின்றன.