வடலூர்: முதலில் தருமச்சாலை, பிறகு ஞானசபை

வடலூரில் இறங்கியதும் பலர் நேரே ஞானசபைக்குத்தான் நடக்கிறார்கள். முதலில், பசித்தவர்களுக்குச் சோறிடும் தருமச்சாலைக்குப் போங்கள். வள்ளலார் வைத்த வரிசை அதுதான். சாலை 1867 மே 23-இல் தொடங்கியது. சபையில் முதல் ஜோதி தரிசனம் 1872 ஜனவரி 25, தைப்பூசத்தன்று. சோறு முந்தியது, வழிபாடு பிந்தியது.

சாலையின் அணையா அடுப்பு 21 அடி நீளம், இரண்டரை அடி அகலம். சமையல் ஓய்ந்த பிறகும் விறகைத் தள்ளிவைத்துக் கனல் விடாமல் காக்கிறார்கள். பந்திக்குச் சீட்டு இல்லை; சாதி, மதம் கேட்பதில்லை. நேற்று கறி சாப்பிட்டவரும் தயங்காமல் உட்காரலாம். புலால் உண்பவர்களைப் புறவினத்தார் என்று பிரித்த வள்ளலார், அவர்கள் பசியையும் ஆற்றியே ஆகவேண்டும் என்றார். சைவம் பேசுகிறவர்கள் மற்றவர்களை இளக்காரமாகப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதற்கு இங்கே இடமே இல்லை.

கண்டிப்பெல்லாம் சபை வாசலில்தான். கொலை, புலை (புலால் உண்பது) தவிர்த்தவர்கள் மட்டுமே உள்ளே புகலாம் என்று எழுதியிருக்கிறது. மற்றவர்கள் வெளியே நின்று ஜோதியைக் கும்பிடலாம். வாசலில் யாரும் சோதிப்பதில்லை. உங்கள் மனசாட்சிதான் காவல். சிறுதெய்வக் கோயில்களுக்கு ஆடு, பன்றி, கோழி, கடாவைப் பலிக்கு ஓட்டிப்போவதைக் கண்டு உள்ளம் நடுங்கினேன், அந்தக் கோயில்களைக் கண்டாலே பயந்தேன் என்று பாடியவர் அவர். கோயில் பலியைத் தடுக்கும் சட்டம் தமிழகத்தில் 1950-இல்தான் வந்தது. 2004-இல் அதையும் திரும்பப் பெற்றுவிட்டார்கள். சட்டத்தை நம்பாமல் மனத்தை மாற்றப் பார்த்த வள்ளலாரின் வழிதான் இன்னும் நிற்கிறது.

ஜோதிக்கு முன் ஏழு திரைகள்: கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன்மை, வெண்மை, கடைசியில் கலப்பு நிறம். மாதப் பூசத்தில் ஆறு திரைதான் விலகும். ஏழும் விலகுவது தைப்பூசத்தில் மட்டும். இது தெரியாமல் மாதப் பூசத்துக்கு வந்துவிட்டு ஏமாந்து திரும்புகிறவர்கள் உண்டு. தைப்பூசத்தில் காலை 6, 10, பகல் 1, இரவு 7, 10, மறுநாள் விடியற்காலை 5.30 என ஆறு காலம். திரை விலகி நிற்பது சில கணங்கள்தான். கூட்டத்தில் பின்னால் நிற்பவர்களுக்குக் கைபேசிகளின் வெளிச்சம்தான் தெரியும். தயவுசெய்து கைபேசியைப் பையில் வையுங்கள். முதியவர்களோடு வருகிறவர்களுக்கு மாதப் பூச இரவே சிறந்தது. தேங்காய், பழத்தட்டு எதுவும் வேண்டாம். அந்தப் பணத்துக்கு அரிசியோ பருப்போ வாங்கிச் சாலையில் கொடுங்கள்.

தைப்பூசத்துக்கு வருகிறவர்கள் அன்றே ஊர் திரும்பிவிடாதீர்கள். 1874 ஜனவரி 30-இல் வள்ளலார் உள்ளே சென்று தாழிட்டுக்கொண்ட மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில், பூசம் கழிந்த பின் அந்த அறையைத் தரிசிக்கும் திருஅறை தரிசனம் நடக்கிறது. வடலூரிலிருந்து அங்கே நடந்தே போய்விடலாம்.