பெட்டிக்குள் ஐந்து கிலோமீட்டர்

2003-ல் கோவை காந்திபுரத்தில் ஃபேக்ஸ், மோடம் சரிசெய்யும் சிறிய கடை வைத்திருந்தேன். காங்கயம் பக்கத்து அரிசி ஆலைக்காரர் ஒருவர் ஒரே ஃபேக்ஸை மூன்றாவது முறையாகத் தூக்கி வந்தார். "ஏனுங் தம்பி, இங்க நல்லாத்தான் ஓடுது. ஆலைக்குக் கொண்டு போனா பாதிப் பக்கத்துல நின்னு போகுதுங்களே!"

டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து ஆலை ஐந்து கிலோமீட்டர் என்றார். என் கடையோ எக்ஸ்சேஞ்சுக்கு வெகு பக்கம். அந்தத் தூரத்தைக் கடைக்குள் கொண்டுவந்தால்தான் கோளாறு பிடிபடும்.

டெலிபோன் லைனின் 0.4 மி.மீ. செம்புக் கம்பி ஜோடிக்குக் கிலோமீட்டருக்குப் போக வர சுமார் 280 ஓம் மின்தடை, இரு கம்பிகளுக்குக் குறுக்கே சுமார் 50 நானோஃபாரட் மின்தேக்கம். இதையே ஒரு பெட்டிக்குள் செய்ய நினைத்தேன். ஆகவே கிலோமீட்டருக்கு, ஒவ்வொரு கம்பிக்கும் 140 ஓம் ரெசிஸ்டர் வேண்டும். அது கடையில் கிடைக்காது. 120 ஓமையும் 22 ஓமையும் சேர்த்தேன். குறுக்கே 47 நானோஃபாரட் கண்டென்சர். இது ஒரு படி, அதாவது ஒரு கிலோமீட்டர். இப்படி ஐந்து படி, படிக்கொரு சுவிட்ச்.

லைனுக்கு மின்சாரம் கொடுப்பதில்தான் இரண்டு நாள் போயிற்று. முதலில் பழைய இன்டர்காம் பெட்டியோடு இணைத்தேன். அது தருவது 24 வோல்ட்; மூன்றாவது படியிலேயே எல்லாக் கருவியும் படுத்துவிட்டது. எக்ஸ்சேஞ்ச் தருவது 48. நான்கு 12 வோல்ட் பேட்டரிகளை வரிசையாக மாட்டினேன். பேட்டரியை நேராகச் சேர்த்தால் பேச்சு சிக்னலை அது விழுங்கிவிடும். உக்கடம் பழைய இரும்புக் கடையில் 200 ஓம் ரிலேக்கள் (கம்பிச் சுருளால் இயங்கும் சுவிட்சுகள்) கிடைத்தன. அந்தச் சுருள் நேர்மின்சாரத்தை விடும், குரலைத் தடுக்கும். மறுமுனை ஃபேக்ஸுக்கும் தனி ஜோடிச் சுருள், நடுவே சிக்னலை மட்டும் கடத்த 2 மைக்ரோஃபாரட் கண்டென்சர்கள். ஐந்து படியும் போட்டபோது மீட்டரில் 24 மில்லியாம்ப், கருவி ஓடப் போதும். எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

மணி அடிக்க 75 வோல்ட், 25 ஹெர்ட்ஸ் வேண்டும். அதை விட்டுவிட்டேன். ரிசீவரை எடுத்து இரு பக்கமும் ஸ்டார்ட் அழுத்தினால் போதும்.

இரண்டு கிலோமீட்டரில் பக்கம் போயிற்று. நான்கில் வேகம் குறைந்தது. ஐந்தில் பாதியில் நின்றது, அவர் சொன்னபடியே. அதே இடத்தில் வேறொரு நல்ல ஃபேக்ஸை வைத்தேன். முழுப் பக்கமும் போனது. அப்புறம் தேடியதில், சிக்னலை அனுப்பும் இடத்தில் ஒரு சின்னக் கண்டென்சர் காய்ந்திருந்தது. அருகில் இருந்தால் மெலிந்த சிக்னலும் போய்ச் சேரும், தூரத்தில் சேராது. அதை மாற்றி, ஐந்து படியிலும் 12 பக்கம் அனுப்பிப் பார்த்த பிறகே கொடுத்தேன்.

அடுத்த வாரம் ஆலையிலிருந்து என் கடைக்கு ஒரு பக்கம் வந்தது. அன்றைய பொன்னி விலைப் பட்டியல், கடைசி வரி வரை.