ஈக்விசிட்டம் டி.எஸ். ஒருவழியா வந்துருச்சு, புண்ணியம் மாட்டுப் பொங்கல் நெட்டி மாலைக்கு

ஈக்விசிட்டம்னா குதிரைவால் செடி, டி.எஸ்.னா அதோட தண்டைக் குறுக்கா மெல்லிசா சீவி மைக்ரோஸ்கோப்புல பாக்கற செக்‌ஷன். நேத்து ராத்திரி பதினொன்றரை மணிக்கு முழு வட்டமா ஒரு செக்‌ஷன் கிடைச்சுது. எந்தப் பக்கமும் கிழியல, ஓரம் மடங்கல, நடு ஓட்டை நசுங்கல. மூணு வாரம், நாலு பாக்கெட் பிளேடு. எண்ண ஆரம்பிச்ச பிறகு இது 47வது வெட்டு, அதுக்கு முன்னாடி வெட்டினதுக்குக் கணக்கே இல்ல.

செடி குன்னூர்ல ஒரு நண்பரோட எஸ்டேட் வாய்க்கால் ஓரத்துல இருந்து வந்தது, ஈக்விசிட்டம் ராமோசிஸிமம், டெபிலி சப்ஸ்பீஷிஸ். நம்ம மலைப்பக்கம் ஓடை ஓரத்துல தானா வளர்றது அதுதான். முதல்ல கோயம்புத்தூர்ல ஒரு நர்சரில கேட்டுப் பார்த்தேன், "குதிரைவால் செடி இருக்குங்களா"ன்னு. "அரிசி வேணும்னா மளிகைக்கடைல கேளுங்க"ன்னுட்டாரு. தமிழ்ல தேடினாலும் அதே கதைதான், பக்கம் பக்கமா குதிரைவாலி பொங்கல் செய்முறை வருது. ஓட்டையில்லாத பிளாஸ்டிக் டப்புல தண்ணி தேங்க வெச்சிருக்கேன், கோவை வெயிலைத் தாங்கிக்கிட்டு நல்லாத்தான் இருக்கு. தரைல மட்டும் வெச்சிராதீங்க, கிழங்குத்தண்டு மண்ணுக்கடில ஓட ஆரம்பிச்சா அப்புறம் பிடுங்கி முடியாது.

சரி, வெட்டற கதைக்கு வரேன். காலேஜ்ல படிச்சவங்களுக்குத் தெரியும், இந்தத் தண்டு ரெண்டு விதத்துல படுத்தும். ஒன்னு, மேல்தோல் பூரா சிலிக்கா. தண்டு நீளத்துக்கு ஓடற மேடு, அதாவது வரம்பு, அது மேல விரலை ஓட்டினா உப்புத்தாள் மாதிரி நறநறங்கும். புது பிளேடு போட்டா ஆறு வெட்டு, அதிகம் போனா ஏழு, அதுக்கு மேல அறுக்காம பிச்சு இழுக்க ஆரம்பிச்சிடும். ரெண்டு, உள்ள பூரா காத்து. நடுவுல பெரிய ஓட்டை, அதைச் சுத்தி பள்ளத்துக்கு நேரா வாலிகுலர் கெனால், வரம்புக்கு நேரா கரைனல் கெனால். என்னோட தண்டுல 14 வரம்பு, அப்போ ரெண்டு வகையும் சேர்த்து 28 குழாய், அதுக்கு மேல நடு ஓட்டை. வெளிய கல்லு, உள்ள சல்லடை, பிளேடு வெச்சதும் அப்பளம் மாதிரி நொறுங்குது. இருபத்தஞ்சாவது பிளேடைப் பிரிக்கும்போது அம்மா கடந்து போனாங்க, "அறுக்க மாட்டாதவன் இடுப்புல அம்பத்தெட்டு அருவாளாம்"னாங்க. பதில் சொல்ல வாயில்ல.

வெட்டும்போது தண்டைப் பிடிச்சுக்கறதுக்கு, முதல்ல அதைக் கேரட் துண்டுக்குள்ள வெச்சேன். கேரட் ஈரமா வழுக்குது, தண்டு உள்ளயே சுத்துது. உருளைக்கிழங்குல ஸ்டார்ச் வந்து செக்‌ஷன் மேலெல்லாம் ஒட்டிக்கிச்சு, எது செடி எது கிழங்குன்னே தெரியல. தெர்மாகோல் உதிருது. நடு ஓட்டைக்குள்ள மெழுகு உருக்கி ஊத்தினேன், அது அந்த ஓட்டையை மட்டும்தான் காப்பாத்துச்சு, சுத்தி இருக்கற குழாயெல்லாம் வழக்கம்போல நசுங்குச்சு. சிலிக்காவைக் கரைக்கறதுக்கு லேப்ல ஹைட்ரோஃப்ளோரிக் ஆசிட்ல ஊறவைப்பாங்க, ஆனா அது தோல்ல பட்டா எலும்பு வரைக்கும் இறங்கற சமாச்சாரம். வீட்டுக்குள்ள அந்தப் பேச்சே வேண்டாம்.

அப்பதான் பரண்ல பொங்கலுக்கு மாட்டுக்குக் கட்டின நெட்டி மாலை கண்ணுல பட்டுது. எங்க மாமா வருஷாவருஷம் தஞ்சாவூர்ப் பக்கத்துல இருந்து வாங்கிட்டு வருவாரு. நெட்டின்னா தண்ணில வளர்ற செடியோட தக்கை, வெண்ணெய் மாதிரி வெட்டுப்படும், பிளேடை மழுக்காது. கலர் போடாத வெள்ளைத் துண்டாப் பாத்து எடுத்து (சிவப்பு ஒன்னு எடுத்தேன், ஊறினதும் சாயம் இறங்கி, திசு தெரியறதுக்குப் போடற சிவப்புச் சாயம் சாப்ரனின் போடாமயே எல்லாம் ரோஸ்) நெடுக்குவாட்டுல ரெண்டாப் பிளந்து, காஞ்ச நிலையிலயே நடுவுல தண்டை வெச்சு நூல் சுத்தி, அப்புறம் தண்ணில போட்டேன். ஈரம் இழுத்து லேசா உப்பி தண்டை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கவ்விக்குது. இதுதான் விஷயம். கேரட் ரெண்டு பக்கம் அமுக்கும், நெட்டி சுத்திவரப் பிடிக்கும்.

இன்னொன்னும் பிடிபட்டுது. கணுவுல பல்லுப்பல்லா இலையெல்லாம் ஒட்டி ஒரு உறை இருக்கும்ல, தண்டை இழுத்தா அந்த உறைக்குள்ள இருந்துதான் டப்புன்னு கழண்டு வரும். வளர்ற திசு அங்கதான் ஒவ்வொரு கணுவுக்கு மேலயும் உட்கார்ந்திருக்கு, அதனால அந்த இடம் பிஞ்சு. அங்க வெட்டினா வெண்டைக்காய் மாதிரி வருது, ஆனா திசு எதுவும் முத்தியிருக்காது, பாக்க ஒன்னும் இல்ல. ரொம்ப மேல போனா சிலிக்கா. நான் கடைசில எடுத்தது இளந்தண்டுல உறைக்கு மேல ஒரு சென்டிமீட்டர் தள்ளி. பிளேடைத் தண்ணில நனைச்சு, அமுக்காம, உடம்புப் பக்கமா ஒரே இழுப்பு. முன்னும் பின்னும் அறுத்தீங்கன்னா போச்சு.

40 எக்ஸ்ல பாத்தா பள்ளத்துல ஸ்டொமேட்டா (மூச்சுத் துளை) உள்ள இறங்கி உட்கார்ந்திருக்கு, அது பக்கத்துல பச்சைத் திசு, வரம்புல கெட்டித் திசு. செடிக்கு இலை பேருக்குத்தான், சமையல் முழுக்கத் தண்டுதான். தண்ணி கடத்தற சைலம் ரொம்பக் கம்மி, சாப்ரனின்ல சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளியாத்தான் தெரியுது. நிலக்கரிக் காலத்துல மரமா நின்ன கலாமைட்டிஸ் வம்சம், மிச்சம் இருக்கறது இந்த ஒரே ஜீனஸ்.

சாப்ரனின் பத்தி ஒரு புலம்பல். ஆன்லைன்ல ஒரு கடைல வாங்கினேன், பாட்டில் மூடி லூசு, பார்சல் பிரிச்ச கை நாலு நாள் சிவப்பு. ஆபீஸ்ல மருதாணியான்னு கேட்டாங்க. 25 கிராம் வாங்கிட்டேன், பேரன் காலம் வரைக்கும் வரும், 5 கிராம் போதும்.

இதுக்கு நடுவுல தண்டு நுனில இருந்த கூம்பு ஒன்னு பழுத்துது, ஸ்போர் (விதைக்குப் பதிலா இந்தச் செடி பரப்பற தூள்) பச்சையாக் கொட்டிச்சு. இதைத் தண்ணி விட்டுப் பாக்காதீங்க. ஈரத்துல எலேட்டர் (ஸ்போர்ல ஒட்டியிருக்கற நாடா மாதிரி கை) நாலும் சுருட்டிக்கிட்டு வெறும் உருண்டையாத்தான் தெரியும். காஞ்ச சிலைடுல தூவி, கவர்ஸ்லிப் இல்லாம 10 எக்ஸ்ல வெச்சு லேசா ஊதுங்க. மூச்சு ஈரம் பட்டதும் நாலு கையும் சுருட்டிக்கும், ரெண்டு மூணு செகண்ட்ல காஞ்சு திரும்ப விரியும், விரியும்போது சிலது எகிறி ஃபீல்டை விட்டே போயிடுது. 2013ல பிரான்ஸ்ல இதை வீடியோ எடுத்து நடை, குதின்னு ரெண்டாப் பிரிச்சே பேப்பர் போட்டிருக்காங்க. பையன் அரைமணி நேரம் ஊதிக்கிட்டே இருந்தான், ஐபீஸ்ல எச்சில். ஸ்போரைப் பேப்பர் கவர்ல ரெண்டு வாரம் வெச்சிருந்து விதைச்சேன், ஒன்னும் முளைக்கல. பச்சையம் உள்ளதுக்கு ஆயுசு கம்மி, கொட்டின அன்னிக்கே செங்கல் பொடி மேல போடணும்.

தண்டு பாத்திரம் தேய்க்குமான்னும் பாத்துட்டேன். பித்தளைச் சொம்பு அடில தேய்ச்சேன், புளியை விட நல்லாவே பளபளங்குது, கூடவே பொடிக்கீறல். சொம்பு இப்ப என் ரூம்ல இருக்கு, வெளிய எடுத்துட்டு வரக்கூடாதுன்னு உத்தரவு. கிளாரினெட் வாசிக்கறவங்க ரீடு இழைக்க இதோட சொந்தக்காரச் செடியைத்தான் வெச்சுக்கறாங்க, அதனால தெரிஞ்ச நாதஸ்வரக்காரர் ஒருத்தர்கிட்ட ஒரு கட்டு குடுத்து சீவாளி ஓரத்துல தேய்ச்சுப் பாக்கச் சொல்லப்போறேன்.

அதுக்கு முன்னாடி கணு வழியா ஒரு எல்.எஸ்., அதாவது நெடுக்குவெட்டு, வேணும். ரெண்டு தடவை போட்டேன், ரெண்டு தடவையும் உறை தனியா தண்டு தனியா பிரிஞ்சுது. 47ஆம் நம்பரைக் கிளிசரின்ல மவுன்ட் பண்ணி, தங்கச்சியோட நெயில் பாலிஷ்ல சீல் வெச்சிருக்கேன். ஓரத்துல ஒரு காத்துக்குமிழி, நேரா ஒன்பதாவது கரைனல் கெனால் மேல. நாளைக்குப் பிரிச்சுத் திரும்ப ஒட்டலாமா, இல்ல அப்படியே விட்டுடலாமான்னு இன்னும் முடிவு பண்ணல.