விசா மெடிக்கல்ல மாட்டிவிட்ட பிரைமரி காம்ப்ளெக்ஸ்

சின்ன வயசுல எனக்கு பிரைமரி காம்ப்ளெக்ஸ் வந்துச்சுன்னு அம்மா எப்பவாச்சும் சொல்வாங்க. சாப்பிட அடம் பிடிச்சா, எடை ஏறலைன்னா, "மூணு வயசுலயே பிரைமரி காம்ப்ளெக்ஸ் வந்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்"னு முடிச்சிருவாங்க. நம்ம ஊர்ல பாதி பேருக்கு அந்த வயசுல அப்படி ஒன்னு சொல்லி ஆறு மாசம் சிவப்பு கலர் மருந்து குடுத்திருப்பாங்க. அது டிபிதான்ங்கறதே எனக்கு இருபத்தொம்பது வயசுல அமெரிக்க விசா மெடிக்கலுக்குப் போனப்பதான் மண்டையில ஏறுச்சு.

நான் திண்டுக்கல். வீட்டுக்காரர் ஹூஸ்டன்ல இருக்கார், எச்1பி வேலை விசால போய் கிரீன் கார்டு வாங்கி அப்புறம் சிட்டிசன் ஆனவர். எங்க கல்யாணம் 2022 நவம்பர். அவர் 2023 ஜனவரில ஐ-130 போட்டார், மனைவியைக் கூட்டிக்கறதுக்கான மனு, அப்ப 535 டாலர், இப்ப அதை ஏத்திட்டாங்க. அப்ரூவல் வர பதினாலு மாசம். அதுக்கப்புறம் என்விசி, அதான் அவங்க தேசிய விசா மையம், அங்க 325 டாலர் ஒன்னு, 120 டாலர் ஒன்னுன்னு ரெண்டு ஃபீஸ், டிஎஸ்-260ங்கற விசா விண்ணப்பம், அவரோட வரி பேப்பர், என் செலவை அவர் பாத்துப்பார்னு எழுதிக் குடுக்கற ஐ-864. பேப்பர் பக்கம் பெரிய கதை ஒன்னும் இல்ல, ஒரே ஒரு இடத்துல இழுத்துச்சு. என் பர்த் சர்டிஃபிகேட்ல பேரே கிடையாது, "பெண்"னு மட்டும் இருக்கும், நம்ம பக்கம் பல பேருக்கு இப்படித்தான் இருக்கும், நகராட்சில போய் பேரைச் சேர்த்து வாங்கணும். அதோட ஸ்கூல் சர்டிஃபிகேட்ல இனிஷியல், பாஸ்போர்ட்ல அப்பா பேர் முழுசா, கல்யாண சர்டிஃபிகேட்ல மறுபடி இனிஷியல். எல்லாம் ஒரே ஆள்தான்னு ஒரு அஃபிடவிட் போட்டு வச்சுக்கிட்டேன், கடைசி வரைக்கும் யாரும் அதைக் கேக்கல. போலீஸ் கிளியரன்ஸ் பாஸ்போர்ட் சேவா கேந்திரால 500 ரூபா, அது சுலபமா முடிஞ்சிருச்சு.

2024 ஆகஸ்ட் முதல் வாரம் இன்டர்வியூ லெட்டர் வந்துச்சு. செப்டம்பர் ரெண்டாவது வாரம், மும்பை. சென்னைல கான்சுலேட் இருக்கே, ஏன் மும்பைன்னு எங்க வீட்ல ஆளாளுக்குக் கேட்டாங்க. இந்த மாதிரி குடும்ப இமிகிரண்ட் விசா சென்னைல பாக்கறதில்ல, அதான் கேஸ் நம்பரே பிஎம்பின்னு ஆரம்பிக்கும், பம்பாய். மெடிக்கல் மட்டும் சென்னையிலயே எடுக்கலாம், கான்சுலேட் ஒத்துக்கிட்ட டாக்டர்கள் அங்கயும் இருக்காங்க.

இங்கதான் நான் முட்டாள்தனம் பண்ணேன். லெட்டர் வந்த மறுநாளே மெடிக்கலுக்கு புக் பண்ணியிருக்கணும். அம்மா "ஆடி முடியட்டும்டி, இப்ப எதுக்கு நல்ல காரியத்தை ஆரம்பிக்கற"ன்னாங்க. ஊசி போடறதுக்கும் எக்ஸ்ரே எடுக்கறதுக்கும் என்னம்மா ஆடின்னு அப்பவே கேட்டிருக்கணும், நானும் சரின்னு தலையாட்டிட்டு ஆவணி பொறந்து ஆகஸ்ட் 20ம் தேதிக்கு புக் பண்ணிட்டேன். அந்த ரெண்டு வாரம் பின்னாடி எவ்ளோ உதைக்கப் போகுதுன்னு அப்ப தெரியாது.

பாண்டியன் எக்ஸ்பிரஸ்ல நைட் ஏறி காலைல எழும்பூர், அங்கேர்ந்து குரோம்பேட்டை சித்தி வீடு, குளிச்சிட்டு நேரா கிளினிக். பாஸ்போர்ட், இன்டர்வியூ லெட்டர், டிஎஸ்-260 கன்ஃபர்மேஷன் பக்கம், போட்டோ, தடுப்பூசி பேப்பர் எது இருந்தாலும், இதெல்லாம் வேணும். என்கிட்ட கோவிட் ஊசி சர்டிஃபிகேட் மட்டும்தான் இருந்துச்சு (அப்ப அது கட்டாயம், 2025ல எடுத்துட்டாங்க). குழந்தைல போட்ட ஊசி கார்டெல்லாம் வீடு மாறுனப்பவே போச்சு. அதனால எம்எம்ஆர் (தட்டம்மை மாதிரி வியாதிக்கு), டிடாப் (டெட்டனஸ் மாதிரி வியாதிக்கு) எல்லாம் அங்கயே குத்திட்டாங்க, ரெண்டு கையும் ரெண்டு நாள் தூக்க முடியல. சிக்கன் பாக்ஸுக்கு மட்டும் ஊசி இல்ல, எட்டாவது படிக்கறப்ப அம்மை போட்டு வேப்பிலைல படுத்திருந்ததைச் சொன்னேன், டாக்டர் எழுதிக்கிட்டார். கர்ப்பமா இருக்க வாய்ப்பிருந்தா முதல்லயே சொல்லிருங்க, எம்எம்ஆர் மாதிரி ஊசியெல்லாம் அப்ப போட மாட்டாங்க, எக்ஸ்ரேவுக்கும் தனி ஏற்பாடு பண்ணுவாங்க.

கல்யாணமான பொண்ணுங்களுக்கு இன்னொன்னு, நெஞ்சு எக்ஸ்ரேன்னா கழுத்துல உலோகம் எதுவும் இருக்கக்கூடாது. தாலியைக் கழட்டணுமேன்னு அங்க போய் நின்னு அழுத அக்காவை நான் பாத்தேன். எங்கம்மா இதுல மட்டும் கெட்டி, முதல் நாளே மஞ்சக்கயித்துல ஒரு மஞ்சக்கிழங்கைக் கட்டி கழுத்துல போட்டுவிட்டு, தாலிச்செயினை வாங்கி சித்தி பீரோல வச்சுட்டாங்க.

டாக்டர்கிட்ட உக்காந்தப்ப ஒரு ஃபார்ம்ல கேள்வி, இதுக்கு முன்னாடி டிபி வந்திருக்கா. முதல் நாள் ராத்திரி போன்ல வீட்டுக்காரர், "பழைய கதையெல்லாம் எதுக்கு, யாருக்குத் தெரியப் போகுது"ன்னு இழுத்தார். எனக்குப் பொய் சொன்னா வேர்த்து ஊத்தும். சொல்லிட்டேன், மூணு வயசுல பிரைமரி காம்ப்ளெக்ஸ், ஆறு மாசம் மருந்து, பேப்பர் எதுவும் இல்ல, பார்த்த டாக்டரும் இப்ப உயிரோட இல்ல. சொன்னது எவ்ளோ நல்லதுன்னு மறுநாள் தெரிஞ்சுச்சு, எக்ஸ்ரேல வலது பக்கம் மேல வடு மாதிரி ஒன்னு. அந்தப் பழைய பிரைமரி காம்ப்ளெக்ஸோட மிச்சமா, இல்ல நடுவுல எப்பவாச்சும் சளி கட்டி வந்ததான்னு டாக்டருக்கே சொல்லத் தெரியல. எதுவா இருந்தாலும் எக்ஸ்ரேல சந்தேகம் வந்துட்டா ரூல் ஒன்னுதான், மூணு நாள் காலைல சளி எடுத்து டெஸ்ட் பண்ணணும், அதை கல்ச்சர் வைக்கணும், அதாவது அதுல கிருமி வளருதான்னு லேப்ல வச்சுப் பாக்கணும், கல்ச்சர் முடிவுக்கு எட்டு வாரம் வரைக்கும் ஆகும்.

எட்டு வாரம்! இன்டர்வியூவுக்கு மூணு வாரம்தான் இருந்துச்சு.

கவுன்டர்ல இருந்த பொண்ணு "உங்களுக்கு டிபி டெஸ்ட்க்கு எழுதியிருக்காங்க மேடம்"னு கூடத்துக்கே கேக்கற மாதிரி சொன்னதுல பக்கத்துல உக்காந்திருந்தவர் எழுந்து வேற சேருக்குப் போனார். அம்மாவுக்கு அதைவிட பயம், சம்பந்தி வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பாங்கன்னு. நான் அன்னைக்கே என் மாமியார், அதான் எங்க அத்தைக்குப் போன் போட்டு எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவங்க "எங்க வீட்ல மூத்தவனுக்கும் அதே மருந்துதான் குடுத்தேன், அவன் எக்ஸ்ரே எடுக்கல, அவ்ளோதான் வித்தியாசம்"னு சொல்லிட்டு ரசம் வைக்கப் போய்ட்டாங்க. அம்மா ரெண்டு நாள் அத்தையைப் பத்தி நல்லவிதமாவே பேசினாங்க, அதுவே அதிசயம்.

அடுத்த வாரம் செவ்வாய், புதன், வியாழன் மூணு நாளும் காலைல வெறும் வயித்துல போகணும். சளி எடுக்கறதுன்னா துப்பறது இல்லைங்க, எனக்கு இருமலே கிடையாது, சளி எங்கேர்ந்து வரும். முதல் நாள் நான் குடுத்தது வெறும் எச்சில்னு திருப்பிட்டாங்க. ஒரு வயசான நர்ஸ்தான் சொல்லிக்குடுத்தாங்க, நல்லா மூச்சை இழுத்து புடிச்சு மூணு தடவை விட்டு, நாலாவது தடவை அடிவயித்துலேர்ந்து இருமுன்னு. அப்பவும் வரல, உப்புத்தண்ணி ஆவி புடிக்க வச்சாங்க, அதுக்கப்புறம் வந்துச்சு. ஆள் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருப்பாங்க, வேற யார் சளியையாவது குடுத்துடக் கூடாதுல்ல.

மைக்ராஸ்கோப்ல பாக்கற ரிசல்ட் சில நாள்ல வந்துருச்சு, மூணும் நெகட்டிவ். கல்ச்சர்தான் பாக்கி. இன்டர்வியூவைத் தள்ளிப்போடலாமா போலாமான்னு எங்களுக்குள்ள பெரிய பட்டிமன்றம். தேதியை விட்டா மறுபடி எப்ப கிடைக்குமோ, கேள்வி பதிலையாவது முடிச்சு வைப்போம்னு நான் போலாம்னேன். அவர் தள்ளிப்போடலாம்னார். நான் சொன்னபடிதான் நடந்துச்சு, வழக்கம்போல.

மும்பைல அப்ப கணபதி சீசன். அப்பாவும் நானும் போனோம். முதல் நாள் பயோமெட்ரிக், மறுநாள் பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ்ல கான்சுலேட். ரூம் கொஞ்சம் காசு கூட ஆனாலும் பக்கத்துலயே போட்டது நல்லதாப் போச்சு, மேளம், மழை, டிராஃபிக்னு ஊரே நகரல. போன் உள்ள விட மாட்டாங்க, பேக்கும் அப்படித்தான், கூட வந்தவங்களுக்கும் உள்ள இடம் இல்ல. ஒரு பைல்ல பேப்பர் மட்டும். அப்பா வெளில குடையோட நின்னார்.

உள்ள முதல் ஜன்னல்ல ஒரிஜினல் பேப்பர் சரிபாப்பாங்க, அப்புறம் கைரேகை, அப்புறம் டோக்கன் நம்பர் வர வரைக்கும் உக்காரணும். எனக்கு முன்னாடி போனவங்க பேசறது அரைகுறையா காதுல விழும், அதைக் கேட்டு வயித்தைக் கலக்காதீங்க, ஒவ்வொரு கேஸும் வேற. என் முறை வந்தப்ப வலது கையைத் தூக்கச் சொல்லி உண்மைதான் சொல்வேன்னு உறுதிமொழி வாங்கினாங்க. அதிகாரி ஒரு லேடி, வயசு நாப்பது இருக்கும். கேட்டது மொத்தமே எட்டு பத்து கேள்வி. எப்படி அறிமுகம், பொண்ணு பார்க்க வந்தாங்கன்னேன். அதுக்கும் நிச்சயத்துக்கும் நடுவுல எவ்ளோ நாள், ரெண்டு மாசம், வாட்ஸ்அப்ல பேசினோம்னேன். கல்யாணத்துக்கு அப்புறம் எத்தனை தடவை வந்தார், மூணு. என்ன வேலை, யாரோட தங்கியிருக்கார், இதுக்கு முன்னாடி கல்யாணம் ஆகியிருக்கா.

ரெண்டு பேரும் சொந்தமான்னும் கேட்டாங்க. தூரத்துச் சொந்தம், என் அப்பத்தாவோட தங்கச்சி வழின்னு சொன்னேன், அதை இங்கிலீஷ்ல சொல்றதுக்குள்ள நானே குழம்பிட்டேன். நம்ம ஊர்ல அத்தை பையன், மாமா பையனைக் கட்டறது சாதாரணம், ஆனா அவர் இருக்கற டெக்சாஸ்ல அந்த முறைல கல்யாணம் பண்ண சட்டம் விடாது, 2005லேர்ந்து. அதனால உங்களுது நெருங்குன சொந்தம்னா முன்கூட்டியே ஒரு வக்கீல்கிட்ட பேசிருங்க.

நாப்பது போட்டோ ஆல்பம் போட்டு எடுத்துட்டுப் போயிருந்தேன், ஒன்னைக்கூட பாக்கல. ஒப்பிச்சு வச்ச பதிலெல்லாம் வேணாம், கேட்டதுக்கு மட்டும் சொல்லிட்டு வாயை மூடிக்கிட்டா போதும்.

கடைசில "எல்லாம் சரி, மெடிக்கல் ரிப்போர்ட்தான் பாக்கி"ன்னு சிரிச்சுக்கிட்டே ஒரு சீட்டைக் குடுத்து பாஸ்போர்ட்டையும் கைல குடுத்தாங்க. அதுல 221(ஜி)ன்னு போட்டிருந்துச்சு. எனக்கு அதுவரைக்கும் தெம்பாத்தான் இருந்துச்சு. ரூமுக்கு வந்து சிஇஏசிங்கற விசா சைட்ல என் ஸ்டேட்டஸைத் தொறந்தா "ரெஃப்யூஸ்டு"ன்னு இருக்கு. வீட்டுக்காரர் அங்க நடுராத்திரி, அவரை எழுப்பி அழுதேன். அப்புறம்தான் புரிஞ்சது, ஏதாவது ஒரு பேப்பர் பாக்கின்னாலும் அந்த சிஸ்டம் அப்படித்தான் காட்டும், நிஜமா மறுத்துட்டாங்கன்னு அர்த்தம் இல்ல. வேற ஏதாச்சும் நல்ல வார்த்தை கிடைக்கலையா அவங்களுக்கு.

மீதி நாள் வெறும் காத்திருப்பு. தீபாவளிக்கு முந்தின வாரம் கல்ச்சர் மூணும் நெகட்டிவ்னு கிளினிக்லேர்ந்து போன். ரிப்போர்ட்டை அவங்களே ஆன்லைன்ல கான்சுலேட்டுக்கு அனுப்பிருவாங்க, நான் சென்னைல பாஸ்போர்ட்டைக் குடுத்தேன், நவம்பர் முதல் வாரம் விசா ஒட்டி வந்துருச்சு. இந்த மாதிரி சளி டெஸ்ட் வரைக்கும் போனவங்களுக்கு மெடிக்கல் மூணு மாசம்தான் செல்லும், சாதாரணமா ஆறு மாசம், விசா தேதியும் அதை ஒட்டித்தான் இருக்கும். அதனால பட்டுப்புடவைக்கு ஃபால்ஸ் வைக்கணும், ஊறுகாய் போடணும்னு இழுத்துக்கிட்டு இருக்க முடியாது. கிரீன் கார்டுக்கு 235 டாலர் ஆன்லைன்ல கட்டணும், அதையும் கிளம்பறதுக்கு முன்னாடியே கட்டிட்டேன்.

விசாவைப் பிரிச்சுப் பாத்தா சிஆர்1. கல்யாணமாகி ரெண்டு வருஷம் ஆகாதவங்களுக்கு அதான், ரெண்டு வருஷ கிரீன் கார்டு, அது முடியறதுக்குள்ள ஐ-751 போட்டு மறுபடி கல்யாணத்தை நிரூபிக்கணும், அதுக்கு 750 டாலர். எங்க ரெண்டாவது கல்யாண நாளுக்கு இன்னும் ஒரு வாரம்தான் பாக்கி. அவர் உடனே டிக்கெட் போடறேன்னு குதிச்சார். கணக்குல புலியான எங்கப்பாதான் காலண்டரைப் பாத்துட்டு, "மாப்ள, பத்து நாள் பொறுங்க"ன்னார். அமெரிக்காவுக்குள்ள காலை வைக்கற அன்னைக்கு ரெண்டு வருஷம் தாண்டியிருந்தா ஐஆர்1, பத்து வருஷக் கார்டு. அந்த எட்டு வாரம் இல்லைன்னா நான் அக்டோபர்லயே போய்ச் சேந்து ரெண்டு வருஷக் கார்டுதான் வாங்கியிருப்பேன்.

நவம்பர் கடைசில ஹூஸ்டன்ல இறங்கினேன். அங்க அதிகாரிகிட்ட கல்யாண சர்டிஃபிகேட்டை நீட்டி ரெண்டு வருஷம் முடிஞ்சிருச்சு சார்னு நானே சொன்னேன், சொல்லலைன்னா கவனிக்காம போக வாய்ப்பு இருக்கு. தேதியைப் பாத்துட்டு ஐஆர்1ன்னு மாத்தி எழுதிக் குடுத்தார்.

எக்ஸ்ரே சிடியைக் கையிலயே வச்சிருந்தேன், அது வேலைக்கு ஆச்சு. வந்து மூணாவது வாரம் கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) ஹெல்த் டிபார்ட்மெண்ட்லேர்ந்து போன், அங்க ஒரு தடவை வந்து காட்டிட்டுப் போங்கன்னு. மறுபடி எக்ஸ்ரே. வீட்டுக்காரரை அனுப்பி இண்டியன் ஸ்டோர் முழுக்கத் தேட வச்சதுல மஞ்சத்தூள் எட்டு பிராண்டு இருந்துச்சு, மஞ்சக்கிழங்கு ஒன்னுகூட இல்ல. ராத்திரியோட ராத்திரியா அம்மாவுக்கு வீடியோ கால் போட்டோம். "இஞ்சி மாதிரியே பச்சையா பிரிட்ஜ்ல வச்சிருப்பாங்க, அங்க போய் பாக்கச் சொல்லுடி"ன்னாங்க, அங்கதான் இருந்துச்சு.