ஐஸ் இல்லாமல் விற்ற இன்புளுவென்சா ஊசி

திருகோணமலையில் இன்புளுவென்சாத் தடுப்பூசி போட நினைப்பவர்கள், அது அரசாங்கம் இலவசமாகப் போடும் தேசிய தடுப்பூசி அட்டவணையில் இல்லை என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் இதை உடனேயே சொல்லிவிட்டதால், அந்த வரிசையில் காத்திருக்கும் வேலை மிச்சமாயிற்று. தனியாரிடம்தான் பணம் கொடுத்துப் போட வேண்டும். சிக்கலும் அங்கேதான் தொடங்கியது.

அம்மாவுக்கு நீரிழிவோடு தொய்வும் (ஆஸ்துமா) இருக்கிறது. தங்கை ஏழாம் மாதம். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு இந்த ஊசியைப் போட முடியாது என்பதாலும், கர்ப்ப காலத்தில் தாய் போட்டுக்கொண்டால் அவள் உடலில் உருவாகும், நோயை எதிர்க்கும் பிறபொருளெதிரிகள் குழந்தைக்கும் சேரும் என்பதாலும், தங்கையைப் பார்க்கும் வைத்தியரே இதை வற்புறுத்தினார். இலங்கையில் இக்காய்ச்சல் ஏப்ரல் முதல் ஜூன் வரையும் நவம்பர் முதல் ஜனவரி வரையும் கூடுதலாகப் பரவும். ஊசி வேலை செய்யத் தொடங்க ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். ஆகவே ஒக்டோபரிலேயே முடித்துவிட வேண்டும் என்று புறப்பட்டேன்.

நகரில் ஒரு மருந்தகத்தில் ஊசி இருப்பதாகச் சொன்னார்கள். அங்கிருந்த இளைஞர், சோடாப் போத்தல்களும் யோகட் கோப்பைகளும் அடுக்கியிருந்த குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, பனி படிந்த மேற்தட்டோடு ஒட்டிக் கிடந்த இரண்டு பெட்டிகளைப் பிரித்தெடுத்துக் கடதாசிப் பையில் போட்டு நீட்டினார். "ஐஸ் வைத்துத் தர மாட்டீர்களா?" என்று கேட்டதற்கு, "பக்கத்திலதானே போடப் போறீங்க அண்ணை, ஒண்டும் ஆகாது" என்று சிரித்தார். வெளியே உச்சி வெயில். ஊசி போடும் கிளினிக்கில் இருந்த தாதி பையைத் தொட்டுப் பார்த்ததுமே, "ஐஸ் பெட்டி எங்கே?" என்றார். இல்லை என்றதும் போட மறுத்துவிட்டார்.

வயிற்றுச் சுமையோடு வந்திருந்த தங்கையைப் பார்க்க எனக்குக் கோபம் வந்தது உண்மைதான். ஆனால் அந்தத் தாதி செய்ததே சரி. இந்த மருந்து 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் இருக்க வேண்டும். வெயிலில் சூடானால் வீரியம் குறையும். உறைந்துவிட்டாலோ வீசிவிட வேண்டியதுதான். பனித்தட்டோடு ஒட்டியிருந்ததை நான் சொன்னபோது அவர் தலையை மட்டும் ஆட்டினார். மருந்தகத்துக்குத் திரும்பிப் போனால், விற்ற மருந்தைத் திரும்ப எடுப்பதில்லை என்ற அச்சடித்த வரியைப் பற்றுச்சீட்டில் விரல் வைத்துக் காட்டினார்கள். பணம் போனது போனதுதான்.

அதன் பிறகு, மருந்தைத் தாங்களே வைத்திருந்து தாங்களே போடும் இடத்தைத் தேடினேன். தொலைபேசியிலேயே மூன்றைக் கேட்டுவிடுங்கள்: குளிர்பெட்டியின் வெப்பநிலையைக் குறித்து வைக்கிறீர்களா, பெட்டியில் எந்தப் பருவத்தின் ஆண்டு போட்டிருக்கிறது, காலாவதித் திகதி என்ன? வைரசு மாறிக்கொண்டே இருப்பதால் உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இரு தடவை, பெப்ரவரியில் வட அரைக்கோளத்துக்கும் செப்டெம்பரில் தென் அரைக்கோளத்துக்கும், ஊசியில் சேர்க்க வேண்டிய வகைகளை அறிவிக்கிறது; சென்ற பருவத்து மிச்சத்தை உங்கள் தலையில் கட்ட இடம் கொடுக்காதீர்கள். ஓரிடத்தில் இந்தக் கேள்விகளுக்கே அழைப்பைத் துண்டித்தார்கள். இன்னோர் இடத்தில் ஒருவர் பொறுமையாக எல்லாவற்றையும் வாசித்துச் சொல்லி, பெயரையும் பதிந்துகொண்டார்.

அங்கே எல்லாம் சுமுகமாக முடிந்தது. கிளினிக் கொப்பியை மறக்காமல் கொண்டுபோங்கள். ஒவ்வாமை விபரத்தைப் பார்க்காமல் வைத்தியர் கையெழுத்திட மாட்டார். கடுங்காய்ச்சல் இருந்தால் ஊசியைத் தள்ளிப்போடுவார்கள். ஆறு மாதம் முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைக்கு முதல் தடவை என்றால், நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி. அம்மாவுக்குக் கை நோவு மட்டும் இருந்தது. எங்களுக்குப் போட்டது உயிருள்ள வைரசு கொண்டதல்ல. ஊசியால்தான் காய்ச்சல் வந்தது என்று பக்கத்து வீட்டார் சொன்னால் நம்ப வேண்டாம்.

ஊசி போட்டாலும் காய்ச்சல் வரலாம். இங்கே மாரி மழையோடு டெங்குவும் சேர்ந்தே வருவதால், எது என்று தெரியும்வரை பரசிற்றமோல் தவிர இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் எதையும் எடுக்காமல் வைத்தியரிடம் போக வேண்டும். மருந்தகத்தில் கேளாமலே நீட்டும் நுண்ணுயிர் எதிர்ப்பி வைரசை ஒன்றும் செய்யாது.

குழந்தை பிறந்த முப்பத்தோராம் நாள் சடங்கு ஜனவரியில் வரும் போலிருக்கிறது. தடிமனோ இருமலோ உள்ளவர்கள் சுகமான பிறகு வந்து பார்க்கலாம் என்று உப்புவெளியிலும் கிண்ணியாவிலும் உள்ள உறவினருக்கு இப்போதே சொல்லத் தொடங்கிவிட்டேன். பெரியம்மாவுக்கு அதில் மனத்தாங்கல். வீட்டில் அப்பா ஒருவர்தான் இன்னும் ஊசிக்குச் சம்மதிக்கவில்லை. கொரோனாவுக்குப் போட்டதே போதும் என்கிறார். அது வேறு வைரசு என்று அம்மா தினமும் சொல்லிக்கொண்டிருக்க, அவர் பெயரையும் அந்தக் கிளினிக்கில் நான் பதிந்து வைத்திருக்கிறேன்.